மோர் வந்தால் ஊசி இல்லை

என் மகள் பச்சை குத்துகிறவள். எழுதும்போது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரி "பொண்ணு இன்னா பண்ணுது?" என்று கேட்டால் மட்டும் அந்த ஒரு வரி எனக்கு வாயில் வராது. நான் பேச்சு வராதவள். ஐந்தாவது வரைக்கும் படித்த பள்ளிக்கூடத்தில் நான் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்வதற்குள் டீச்சர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அதனால் "டிராயிங்" என்று முணுமுணுத்துவிட்டு அப்பளத்தைக் கடித்துவிடுவேன். அப்பளம் நொறுங்குகிற சத்தத்தில் அடுத்த கேள்வி அடங்கிவிடும். "டிராயிங் டீச்சரா?" என்று அவர்களே கேட்டு அவர்களே தலையாட்டிக்கொள்வார்கள். எங்கள் சொந்தத்தில் பாதிப் பேருக்கு என் மகள் அரசாங்கப் பள்ளிக்கூடத்து டிராயிங் டீச்சர். பென்ஷன்கூட உண்டாம். எனக்கே அவர்கள் சொல்லித்தான் தெரியும்.

இந்த வேலைக்கு வந்து சேர அவள் சுற்றாத சுற்று இல்லை. காலேஜ் முடித்தாள். எல்லாரையும் போல பேங்க் பரீட்சைக்குக் கோச்சிங் போனாள். அங்கே கொடுத்த கணக்குப் புத்தகத்தின் ஓரமெல்லாம் மயில் வரைந்து வைத்தாள். மயிலுக்கு மார்க் போடுகிற பேங்க் எதுவும் அந்த வருஷம் ஆள் எடுக்கவில்லை. பிறகு ஒரு பிளெக்ஸ் பேனர் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். தலைவர்களின் முகத்தை வெளுப்பாக்குவதும், தொப்பையைக் கரைப்பதும், முடி இல்லாத இடத்தில் முடி நடுவதும்தான் வேலை. உழவர்கரையிலிருந்து அரியாங்குப்பம் வரைக்கும் அந்தக் காலத்தில் எந்தத் தலைவர் இளமையாகச் சிரித்தாலும் அது என் மகள் கொடுத்த இளமை. அப்புறம் கல்யாணப் பெண்களுக்கு மருதாணி போடப் போனாள். பெண்ணின் கை காய்வதற்குள் பெண்ணுடைய அத்தைமார், சித்திமார் எல்லாரும் கையை நீட்டிவிடுவார்கள். "ஒரே ஒரு பூ போதும்மா" என்று ஆரம்பித்து முழங்கையில் வந்து முடிப்பார்கள்.

ஒரு நாள் மருதாணிக் கூம்புகளைக் கொண்டுவந்து மூலையில் போட்டாள். "பத்து நாள்ல அழிஞ்சி போறத வரைஞ்சி அலுத்துப்போச்சும்மா. இனிமே அழியாதத வரையணும்."

கோயிலில் கல்வெட்டு வெட்டப் போகிறாள் என்று நினைத்தேன். சென்னைக்குப் போனாள். டாட்டூ கற்றுக்கொண்டு வந்தாள்.

கற்றதை மறக்காமல் இருக்கப் பழகவேண்டும். மனுஷர் யாரும் சும்மா உடம்பைக் கொடுக்க மாட்டார்கள். முதலில் வாழைப்பழத்தோல், சாத்துக்குடி. பிறகு பன்றித்தோல். மனுஷத் தோலுக்கு அதுதான் கிட்டத்தில் வருமாம். இதை மனுஷர்களைப் பார்த்துப் பார்த்து நானே ஊகித்திருப்பேன். அதை வாங்கிவர என்னைத்தான் அனுப்பினாள். முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு பன்றிக்கறிக் கடை உண்டு. முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு, கூட்டம் குறையட்டும் என்று நின்றேன்.

"கறி எவ்ளோம்மா?" என்றார் கடைக்காரர்.

"கறி வேணாம். தோலு."

"வெறும் தோலா? அத்த இன்னாம்மா செய்வீங்க?"

"டிராயிங்" என்றேன். இந்த முறை கடிக்க அப்பளம் இல்லை. அந்த மனிதர் தோலைப் பொட்டலம் கட்டுகிற வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டு பிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் ரோஜாப்பூ குத்திய பன்றித்தோல் பல மாதம் குடியிருந்தது.

அதற்கப்புறம் சாம்பல் பூசணி. வழவழப்பாகவும் உருண்டையாகவும் இருப்பதால் தோள்பட்டைக்குப் பழக நல்லதாம். பூசணி என்றதும் அவளுக்கு வேறு ஆசை வந்துவிட்டது. புது வீட்டிலும் கடையிலும் கண் படாமல் இருக்க வாசலில் கட்டுகிறோமே, அந்தத் திருஷ்டிப் பூசணியில் முகம் வரைய ஆரம்பித்தாள். கோரைப்பல், தொங்குகிற நாக்கு, முறுக்கிய மீசை, பிதுங்கிய கண். கேட்டவர்களுக்கெல்லாம் சும்மாவே வரைந்து கொடுத்தாள். இது வேலை இல்லை, ஹாபி என்றாள்.

வேலை அலுத்தால் மற்றவர்கள் தூங்குவார்கள். என் மகள் ஹாபி செய்வாள். கயிற்றில் முடிச்சுப் போட்டுச் சுவரில் தொங்கவிட ஏதோ பின்னினாள். அதில் இப்போது வெங்காயம் தொங்குகிறது. களிமண்ணில் கம்மல் செய்தாள். ஒரு மழைக்காலத்தில் அது மறுபடியும் களிமண்ணாயிற்று. கடற்கரைக் கூழாங்கல்லில் பூனை வரைந்தாள். இட்லி மாவுப் பாத்திரத்து மூடிக்குப் பாரம் வைக்க அந்தப் பூனைகளை விட்டால் ஆள் இல்லை. நாலு கம்பி உள்ள சின்ன கித்தார் ஒன்றும் வந்தது. அதை மட்டும் எதற்குப் பயன்படுத்துவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

உப்பளத்தில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் தெருவைப் பார்த்த அறை கிடைத்தது. மாடியில் ஓனரும் அவர் சம்சாரமும். சுவருக்கு வெள்ளை அடித்து, கை கழுவத் தொட்டி வைத்து, சாய்கிற நாற்காலி போட்டு, வாசலில் தன் கையால் வரைந்த திருஷ்டிப் பூசணியைக் கட்டிக் கடையைத் திறந்தாள். வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்யப்போகிறாய் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நான் வாசலுக்கு உள்பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். வருகிறவர்கள் என்னைக் கூட்டிப் பெருக்க வந்தவள் என்று நினைப்பார்கள். நானும் துடைப்பத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். விளக்கம் சொல்லும் வேலை மிச்சம்.

சனி, ஞாயிறு வந்தால் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கார் காராகப் பையன்கள் இறங்குவார்கள். கடலைப் பார்க்க வருகிறார்கள் என்று பேச்சு. பெங்களூரில் கடல் கிடைக்காமல் இருக்கலாம். சென்னைக்காரர்களுக்கு என்ன குறை என்று கேட்கக்கூடாது. இங்கே பாட்டில் விலை குறைவு. அந்தப் பையன்களில் ஒருத்தன் வந்து நெஞ்சில் காதலி பெயரைக் குத்திக்கொண்டு போனான். ரத்தம் நிற்காமல் கசிந்தது. மறுநாள் காலையில் தெளிந்து வந்து, "இத நான் போடச் சொன்னேனா?" என்று வாசலில் நின்றான். காதலி பெயரில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது, காதலியை வேண்டுமானால் மாற்றிக்கொள் என்று சொல்லத் தோன்றியது. எப்போதும் போல மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அன்று சாப்பிடும்போது மகளிடம், "அவன் உள்ள வந்தப்பவே முழுக்கடையயும் முழுங்கிட்டுத்தான வந்தான்" என்றேன்.

அவள் கை நின்றது. "எனக்குத் தெரியலியேம்மா. மாஸ்க் போட்டிருக்கேன், ரூமெல்லாம் ஸ்பிரிட் வாசன. ஒனக்கு எப்பிடித் தெரிஞ்சிது?"

"ஒங்கப்பாகூடக் குடும்பம் நடத்துனவடி நான்."

மில்லில் வேலை பார்த்து, மில் மூடியபின் குடிப்பதையே வேலையாகப் பார்த்து, அவர் போய்ச் சேர்ந்தார். அவர் விட்டுப்போன சொத்து என் மூக்கு ஒன்றுதான். கொய்யா இலை மென்றாலும், ஏலக்காய் மென்றாலும், பல் துலக்கிவிட்டு வந்தாலும் அதற்கு அடியில் இருப்பது சாராயமா, பிராந்தியா, பீரா என்று எனக்குத் தெரியும். மறுநாளே மகள் எனக்கு உத்தியோகம் போட்டுக் கொடுத்துவிட்டாள். குடித்தவருக்கு ஊசி இல்லை என்பது கடைச் சட்டம். ரத்தம் அதிகம் வரும், மை உட்காராது, காலையில் புத்தி வரும். மூன்றும் கெடுதல்.

குடித்திருக்கிறாய் என்று முகத்துக்கு நேராகச் சொல்ல என்னால் ஆகுமா? அதற்கும் அவளே வழி சொன்னாள். வருகிறவர்களுக்கு முதலில் டீயைக் கொண்டுபோய் நீட்டுவேன். நீட்டும்போது வாசனை தெரிந்துவிடும். அது நல்லபடியாக இருந்தால் டீயைக் கொடுத்துவிடுவேன். இல்லையென்றால் திரும்பிப்போய் மோர் கொண்டுவருவேன். மோரைப் பார்த்ததும் மகள், "இன்னிக்கி டைம் இல்ல, நாளைக்கி வாங்க" என்று அனுப்பிவிடுவாள். போனில் கடைக்கு ஸ்டார் போட்டு எழுதுவார்களாமே, அதில் எங்கள் மோருக்குத்தான் நல்ல பெயர். டாட்டூ போடாமல் திரும்பிப்போனவர்கள் எல்லாரும் அஞ்சு ஸ்டார்.

மாடி ஓனர் கட்சிக்காரர். பதவியின் பெயர் நீளமாக இருக்கும்; வேலை இருந்து நான் பார்த்ததில்லை. சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து, நான் மோரோடு வருவதைப் பார்த்தால், "போச்சி, பையனுக்கு மோரு வந்துடுச்சி" என்று சிரிப்பார். சட்டம் அவருக்கும் மனப்பாடம். அவர் இடது முன்னங்கையில் அவர் கட்சித் தலைவரின் முகம் உண்டு. வாலிபத்தில் ஏதோ திருவிழாவில் குத்திக்கொண்டது. தலைவர் என்று அவர் சொன்னதால்தான் தலைவர். மற்றபடி மீசை வைத்த யாராகவும் இருக்கலாம்.

ஆனி மாதக் கடைசியில் அவர் இறங்கிவந்து வாசலில் நின்றார். "பாப்பா, ரூமு எனக்கு வேணும். கட்சி ஆபீசு வெக்கணும். அதுவும் இல்லாம கண்டவனும் குடிச்சிட்டு வரான் போறான். பேமிலி இருக்கற எடம். ஆடியில யாரயும் காலி பண்ணச் சொல்றது பாவம். ஆவணி ஒன்னாந்தேதி சாவியக் குடுத்துடு."

அந்த ஆடி மாதம் முழுக்க மகள் வேறு இடம் தேடி அலைந்தாள். என்ன தொழில் என்று கேட்பார்கள். சொன்னதும், மாமியார் வீட்டில் கலந்து பேசவேண்டும் என்பார்கள். உப்பளத்திலிருந்து முதலியார்பேட்டை வரைக்கும் இத்தனை ஆண்கள் மாமியாரைக் கலந்து பேசுகிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். தொட்டியும் நாற்காலியும் வெள்ளைச் சுவரும் போனால், மறுபடியும் மருதாணிக் கூம்புதான். அதை அவள் சொல்லவில்லை. மூலையில் கிடந்த கூம்புகளை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள்.

இதற்கு நடுவில் ஓனர் கட்சி மாறப்போவதாகப் பேச்சு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பொதுக்கூட்டம், புதுத் தலைவர் கையால் பொன்னாடை. ஆபீஸ் வைக்கப்போவதும் புதுக் கட்சிக்குத்தானாம். ஆடியில் வீடு மாறக்கூடாது, கட்சி மாறலாம் போலிருக்கிறது.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் முழுக்கைச் சட்டையில் கடைக்குள் வந்தார். வந்து நேராக நாற்காலியில் சாய்ந்தார்.

"பாப்பா, இத்த அழிக்கணும்" என்று இடது கையைத் திறந்து காட்டினார்.

"அழிக்க வராது அங்கிள். மேல பெருசா வேற ஒன்னு வரைஞ்சி மறைக்கலாம்."

"மறச்சிடு. மேடையில கையத் தூக்கிக் கும்புடணும். தூக்குனா சட்ட எறங்கும். எறங்குனா இந்தாளு எட்டிப் பாப்பாரு. ஞாயித்துக்கெழமைக்குள்ள முடிச்சிக் குடுத்துடு. ஆவணி சமாச்சாரத்த அப்பறம் பேசிக்கலாம். நான் இன்னா ஒங்கள வெரட்டவா போறேன்?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் டீயோடு கிட்டே போனேன். ஏலக்காய். ஏலக்காய்க்கு அடியில் பிராந்தி. அதுவும் சும்மா வாய் நனைத்தது இல்லை. ஊசிக்குப் பயந்து தைரியத்துக்கு ஊற்றிக்கொண்டு வந்த அளவு.

டீயை அவர் கையில் கொடுத்திருந்தால் அறை எங்களுடையது. டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கையைக்கூட நீட்டிவிட்டார். வேலை நடந்து, கை ரத்தமாகி, மை திட்டுத்திட்டாய் நின்று, அந்தக் கையோடு மேடையேறி, இதைச் செய்தது யார் என்று மைதானமே கேட்கிற காட்சியும் எனக்குத் தெரிந்தது. திரும்பிப்போய் டீயை வைத்துவிட்டு மோரை எடுத்துவந்தேன். வந்த அவசரத்தில் கொஞ்சம் தரையில் சிந்தியது.

அவர் மோரைப் பார்த்தார். "இன்னாக்கா இது?"

"மோரு."

"மோருன்னு தெரியுது. எனக்கு எதுக்கு?"

நான் தரையில் சிந்தியதைத் துடைக்கக் குனிந்துவிட்டேன். மகள் கையுறையைக் கழற்றினாள். "இன்னிக்கி வேணாம் அங்கிள். காலையில குளிச்சி, சாப்ட்டுட்டு வாங்க."

"என் எடத்துல ஒக்காந்துக்குனு என்னயே குடிகாரன்னு சொல்றீங்களா?"

"நாங்க ஒன்னும் சொல்லல அங்கிள். மோர்தான் குடுத்தோம்."

அவர் எழுந்தார். போகிறவர் மோரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு, "பெருங்காயம் பத்தல" என்றார். "ஒன்னாந்தேதி காலையில சாவி என் கைக்கி வந்துடணும்" என்று மாடியேறினார்.

அவ்வளவு கோபத்திலும் பெருங்காயத்தைக் கவனித்திருக்கிறார். அப்படிப்பட்ட ஆளை எந்தக் கட்சியும் விடாது.

மகள் மை பாட்டில்களை அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். "டீயவே குடுத்திருக்கலாம்" என்றேன்.

"குடுத்திருந்தா அவரு கையும் போயி, எடமும் போயி, என் பேரும் போயிருக்கும். இப்ப எடம் மட்டுந்தான" என்றாள். பெட்டியின் மேல் பேனாவால் ஒரு பூனை வரைந்தாள். கவலைப்பட்டாலும் கை சும்மா இருக்காது.

மறுநாள் காலையில் நாங்கள் கடையைத் திறந்து, மிச்சத்தைக் கட்டிக்கொண்டிருந்தோம். மாடியிலிருந்து ஓனர் சம்சாரம் இறங்கிவந்தார். கையில் புருஷனைப் பிடித்திருந்தார். குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கொண்டுவந்த பிள்ளை மாதிரி நின்றார் அவர்.

"அக்கா, மோந்து பாருங்க" என்றார் அந்தம்மா.

எனக்கு உடம்பே கூசியது. "இருக்கட்டும்மா" என்றேன்.

"இருக்கட்டும்னா? ராத்திரி ஒரு சொட்டு தொட உடல நானு. பாருங்க சொல்றேன். ஊதுய்யா."

அவர் ஊதினார். பொங்கலும் நெய்யும். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு ஆம்பிளை என் முன்னால் மூச்சுவிடப் பயந்தார். நான் போய் டீ கொண்டுவந்து கொடுத்தேன். அதை அவர் வாங்கிக்கொண்ட விதத்தைப் பார்த்தால், பொன்னாடையே பின்னால்தான் நிற்கவேண்டும்.

அடுத்த சண்டை எதை வரைவது என்று. புதுத் தலைவர் முகம் வேண்டும் என்றார் ஓனர். "இந்தாளு எத்தினி நாளைக்கி?" என்றார் அந்தம்மா. மகள் படங்களைக் காட்டினாள். பூ என்றால் அது ஒரு கட்சி. இலை ஒரு கட்சி. சூரியன், யானை, சைக்கிள், கை, எதைத் தொட்டாலும் அதற்கு ஒரு கொடி இருந்தது. சாமி படம் போடலாம் என்றால், கறி தின்கிற கை என்றார் ஓனர். இந்த நாட்டில் சும்மா ஒரு படம் வரைய இடமில்லாமல் செய்துவிட்டார்கள்.

மகள் பழைய முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "மீச கறுப்பா இருக்கு. அத்த மறைக்க அதவிடக் கறுப்பா, அதவிடப் பெருசா ஒன்னு வேணும் அங்கிள்." பிறகு வாசலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்தம்மாவும் பார்த்தார்.

வாசலில் பூசணி தொங்கிக்கொண்டிருந்தது.

"அத்தப் போடு" என்றார் அந்தம்மா. "கண்ணு படாது. எந்தக் கட்சிக்காரனும் கேட்டு வரமாட்டான்."

ஓனரின் முகம் மலர்ந்துவிட்டது. தன்மேல் ஊரே கண் வைத்திருக்கிறது என்பது அவருக்குப் பலநாள் சந்தேகம். மகள் காகிதத்தில் வரைந்து, கையில் ஒட்டி எடுத்து, மெஷினை ஓட்டினாள். தலைவரின் மீசை மேல்நோக்கி முறுக்கிக்கொண்டது. வாயில் கோரைப்பல் முளைத்தது. நாக்கு மணிக்கட்டை நோக்கி இறங்கியது. பேனர் கடையில் தலைவர்களை அழகாக்கிய கைக்கு இந்த வேலையில் தனிச் சந்தோஷம் இருந்ததோ என்னவோ, மாஸ்க் மறைத்துவிட்டது. ஓனர் முதல் கோட்டிலேயே "அம்மா" என்றார். அந்தம்மா அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதா? நல்லா வலிக்கட்டும்" என்று ஆறுதல் சொன்னார்.

கோடு முடிந்ததும் மகள் மெஷினை நிறுத்தினாள். "இன்னிக்கி இவ்ளோதான். புண்ணு ஆறணும். நெறம் போட இன்னும் ரெண்டு மூணு வாட்டி வரணும். ஒவ்வொரு வாட்டியும் மொத நாளு குடிக்கக் கூடாது."

அந்தம்மா நிமிர்ந்தார். "ஒவ்வொரு வாட்டியுமா?"

"ஆமா ஆன்ட்டி."

"நடுவுல புண்ணு ஆறச்சொல்ல?"

"குடிக்காம இருந்தா சீக்கிரம் ஆறும்."

அந்தம்மா கொஞ்சநேரம் புருஷனுடைய மற்ற கையைப் பார்த்தார். அப்புறம் தோளை. அப்புறம் முதுகை. காலி மனையைப் பார்க்கிற பார்வை அது. "மெதுவாவே பண்ணும்மா. அவசரம் ஒன்னும் இல்ல" என்றார். கட்டிவைத்த அட்டைப்பெட்டி அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. "இதெல்லாம் எதுக்குக் கட்டி வெச்சிருக்கீங்க? பிரிங்க."

"ஏய், ஆபீசு..." என்று ஆரம்பித்தார் ஓனர்.

"வீடு எம்பேர்ல இருக்குது. ஆபீசு வெக்கணும்னா ஒந்தலைவர் வூட்ல வெச்சிக்க."

ஞாயிற்றுக்கிழமை அவர் மேடையேறிக் கையைத் தூக்கிக் கும்பிட்டார். சட்டை இறங்கியது. புண்ணுக்குச் சுற்றிய பிளாஸ்டிக் தாளுக்குள்ளிருந்து திருஷ்டிப் பூதம் புதுத் தலைவரைப் பார்த்து நாக்கை நீட்டியது. தலைவர் பயந்து பொன்னாடையைச் சீக்கிரம் போர்த்திவிட்டுப் போனார் என்று அந்தம்மா வந்து சொன்னார். ஆவணி ஒன்றாம் தேதி வந்தது. சாவியை யாரும் கேட்கவில்லை. புதுக் கட்சி ஆபீஸ் இப்போது ஒரு டீக்கடை பெஞ்சில் நடக்கிறது.

நிறமெல்லாம் போட்டு முடித்த அன்று, அவர் போனபின் மகளிடம் கேட்டேன். "எல்லாத்தயும் மாத்திட்ட, கண்ணு மட்டும் அந்தப் பழைய தலைவரு கண்ணாட்டமே இருக்குதேடி. அதயும் பிதுங்க வெச்சிருக்கலாம்ல?"

"நான் மாத்தறேன்னுதாம்மா சொன்னேன். அவருதான், எதுக்கும் கண்ணு இருக்கட்டும் பாப்பான்னாரு."

அடுத்த மாதம் வலது கை ஆரம்பம். என்ன படம் என்று முடிவாகவில்லை. அந்தம்மா தேதியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். நான் மோரில் பெருங்காயத்தைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன்.